"விலை போய்விட்டாய்!" பிலடெல்பியா குஸ்தி ரசிகர்களின் தீராத வழக்கு

குஸ்தி மேடையில் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். அடுத்து வரும் பயில்வான் எந்த ஊர்க்காரர் என்று சொல்லவேண்டும்.

"பம்பாய், மிச்சிகன்!" என்றார்.

மிச்சிகன் என்பது அமெரிக்காவில் ஒரு மாநிலம். அங்கே ஏது பம்பாய்? தாராவியிலும் மாட்டுங்காவிலும் குடியிருக்கும் நமக்குச் சிரிப்பு வரும். அங்கே யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் எழுந்து நின்று கூச்சல் போட்டது.

தலையில் முண்டாசு. தொளதொளவென்று கால்சட்டை. உடம்பு முழுவதும் தையல் போட்ட தழும்புகள். வந்தவர் பெயர் சாபு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு விரலை வானத்தைப் பார்த்து நீட்டுவார். அடுத்த நிமிடம் நாற்காலியில் கால் வைத்து எகிறுவார். மேஜைமேல் கிடக்கும் எதிராளியின் மீது விழுவார். மேஜை இரண்டாகப் பிளக்கும்.

சாபு நம் ஊர்க்காரர் அல்ல. மிச்சிகனில் வளர்ந்தவர். லெபனான் நாட்டு வம்சம். "ஷேக்" என்ற பட்டப் பெயரில் ஒரு காலத்தில் அமெரிக்காவையே மிரட்டிய பயில்வான் அவருக்குத் தாய் மாமன். ஆனால் "சாபு" என்ற பெயர் மட்டும் நம் பக்கத்துப் பெயர். மைசூர் ராஜ்யத்துக் கராப்பூரில் யானைப் பாகனின் மகனாகப் பிறந்து, 1937-ல் "எலிபென்ட் பாய்" படத்தில் நடித்து, ஹாலிவுட்டுக்கே போன சாபு என்ற சிறுவனை வயதானவர்கள் அறிவார்கள். அந்தப் பெயரைத்தான் இவருக்குச் சூட்டினார்கள்.

ஆக, மைசூர்ப் பையனின் பெயர், பம்பாய் விலாசம், லெபனான் ரத்தம். குஸ்தி உலகில் இதெல்லாம் சகஜம்.

இந்தச் சாபு ஆடிய கம்பெனியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தக் கம்பெனி மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் அதன் ரசிகர்கள் ஒரு கேள்வியை இன்னும் விடவில்லை. "அது சின்னதாகவே இருந்திருக்க வேண்டுமா? பெரிதாக நினைத்தது தப்பா?"

தம்போலாக் கொட்டகை

கம்பெனியின் பெயர் ஈ.சி.டபிள்யூ. 1992-ல் பிலடெல்பியா நகரில் தொடங்கியது. தொடங்கியவர் டாட் கார்டன். நகை, அடகுத் தொழில் செய்தவர்.

அப்போது அமெரிக்கக் குஸ்தியை இரண்டு பெரிய கம்பெனிகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று வின்ஸ் மெக்மேன் நடத்திய டபிள்யூ.டபிள்யூ.எப். கேபிள் டி.வி. வந்த புதிதில் நம் வீட்டுப் பிள்ளைகள் சீட்டுக்கட்டு மாதிரி அட்டைகளை வைத்துக்கொண்டு, "உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு?" என்று மாடிப்படியில் உட்கார்ந்து விளையாடினார்களே, அந்தப் பயில்வான்கள் எல்லாம் இந்தக் கம்பெனி ஆட்கள். இன்னொன்று அட்லாண்டாவில் கோடீசுவரர் டெட் டர்னரின் டபிள்யூ.சி.டபிள்யூ.

இந்த இரண்டு யானைகளுக்கு நடுவே ஈ.சி.டபிள்யூ. ஒரு எறும்பு.

ஆட்டம் நடந்த இடம் தென் பிலடெல்பியாவில் ஸ்வான்சன் தெருவும் ரிட்னர் தெருவும் சந்திக்கும் முனை. தலைக்கு மேலே நெடுஞ்சாலைப் பாலம். பார்த்தால் சரக்குக் கிடங்கு. மற்ற நாட்களில் அங்கே பிங்கோ நடக்கும். நாம் தம்போலா, ஹவுசி என்கிறோமே, அதேதான். ஆயிரத்துச் சொச்சம் பேர் நெருக்கிப் பிடித்து உட்காரலாம்.

"இந்தக் குஸ்தி நிஜமா, நாடகமா?" என்று கேட்பீர்கள். யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசி வைத்ததுதான். அமெரிக்காவில் எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான். ஆனால் மேஜை நிஜம். நாற்காலி நிஜம். முள்கம்பியும் நிஜம். 1997 ஆகஸ்டில் சாபுவும் டெரி பங்க் என்ற முதுபெரும் பயில்வானும் மோதினார்கள். மேடையைச் சுற்றிக் கயிற்றுக்குப் பதில் முள்கம்பி. சாபுவின் கைச் சதை கிழிந்து தொங்கியது. டேப்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டு ஆட்டத்தை முடித்தார். தெருக்கூத்திலும் கதை தெரிந்த கதைதான். அதற்காக ஆடுகிறவனுக்குக் கால் வலிக்காதா?

ரசிகர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. முன் வரிசையில் ஒரே ஆட்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே இடத்தில் உட்காருவார்கள். டி.வி.யில் பார்ப்பவர்களுக்கு அந்த முகங்கள் பயில்வான்களின் முகங்களைப் போலவே பழகிவிட்டன. வீட்டிலிருந்து வாணலி முதலிய சாமான்களைக் கொண்டுவந்து, "இதனால் அடி!" என்று பயில்வானிடம் நீட்டுவார்கள். 1994 ஆகஸ்டில் ஒருநாள் டெரி பங்க் கூட்டத்தைப் பார்த்து ஒரு நாற்காலி கேட்டார். கொட்டகையில் இருந்த நாற்காலிகள் எல்லாம் பறந்து வந்து மேடையில் விழுந்தன. கீழே கிடந்த இரண்டு பயில்வான்கள் நாற்காலிக் குவியலில் மறைந்தே போனார்கள்.

சாண்ட்மேன் என்று ஒரு பயில்வான். வாயில் சிகரெட்டும் கையில் பீரும் பிரம்புமாகக் கூட்டத்துக்குள் நடந்து வருவார். அந்தப் பிரம்புக்கு "சிங்கப்பூர்ப் பிரம்பு" என்று பெயர். 1994-ல் சிங்கப்பூரில் ஒரு அமெரிக்கப் பையனுக்குப் பிரம்படி கொடுத்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளில் அதே பேச்சாக இருந்தது. உடனே இவர்கள் அதை மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வீசி எறிந்த பட்டம்

1993-ல் ஆட்டங்களை அமைக்கும் பொறுப்பு பால் ஹேமன் கைக்கு வந்தது. பெரிய கம்பெனியில் மேனேஜர் வேடம் கட்டியவர். வாய்ச்சாலகர். பிறகு கம்பெனியே அவருடையதாயிற்று.

மறு ஆண்டு ஆகஸ்ட் 27. என்.டபிள்யூ.ஏ. என்ற பழைய சங்கத்தின் உலகப் பட்டத்துக்கு அந்தக் கொட்டகையில் போட்டி. இந்தப் பட்டம் சாதாரணப் பட்டம் அல்ல. 1948-ல் ஏற்பட்ட சங்கம் அது. அந்தப் பட்டத்தைப் பல ஆண்டுகள் வைத்திருந்தவர் லூ தெஸ். 1968-ல் பம்பாய்க்கு வந்து தாராசிங்கிடம் தோற்றாரே, அதே லூ தெஸ்!

ஷேன் டக்ளஸ் என்ற பயில்வான் இறுதிப் போட்டியில் ஜெயித்தார். பட்டத்தை வாங்கினார். கும்பிடு போடவில்லை. கீழே வீசி எறிந்தார். "செத்துப் போன சங்கத்தின் பட்டம் எனக்கு வேண்டாம்" என்கிற மாதிரி பேசினார். ஹேமனும் கார்டனும் சேர்ந்து போட்ட திட்டம் அது. சங்கத்தாருக்கு எதுவும் தெரியாது.

அன்றிலிருந்து கம்பெனிப் பெயரில் இருந்த "ஈஸ்டர்ன்" என்ற சொல் போய் "எக்ஸ்ட்ரீம்" என்ற சொல் வந்தது. நாங்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல என்று அர்த்தம். ரசிகர்கள் அந்த அர்த்தத்தை நெஞ்சில் எழுதிக்கொண்டார்கள். பின்னால் வந்த வம்பெல்லாம் அதனால்தான்.

"போகாதே!"

பெரிய கம்பெனிகள் சும்மா இருக்குமா? நல்ல ஆட்டக்காரன் எங்கே இருக்கிறான் என்று அவர்களுக்கும் தெரியும்.

1995 ஆகஸ்டில் எட்டி கெரேரோ, டீன் மலங்கோ இருவருக்கும் டெட் டர்னர் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. கடைசியாக ஒருமுறை கொட்டகையில் மோதினார்கள். ரத்தம் இல்லை, மேஜை இல்லை. சுத்தமான குஸ்தி. முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று, "தயவுசெய்து போகாதே!" என்று ஒரே குரலில் பாடியது. இரண்டு பயில்வான்களும் கண்ணீர் விட்டார்கள். பார்த்தவர்களில் பலர் அழுதார்கள்.

அதே கூட்டந்தான் வேறு சிலரைப் பார்த்து, "விலை போய்விட்டாய்! விலை போய்விட்டாய்!" என்று கத்தியது. பெரிய கம்பெனிக்குப் போகப் போகிறான் என்று காதில் விழுந்தால் போதும். யாருக்குப் பூ, யாருக்குக் கல் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வந்துபோனவர்கள் பட்டியல் நீளம். 1995-ல் காயம்பட்டுக் கிடந்தபோது டபிள்யூ.சி.டபிள்யூ. வேலையை விட்டு நீக்கிய ஸ்டீவ் ஆஸ்டின் இங்கே வந்தார். ஹேமன் அவர் கையில் மைக்கைக் கொடுத்து, "மனசில் இருப்பதைப் பேசு" என்று விட்டார். சில மாதங்களில் மெக்மேன் கூப்பிட்டுக்கொண்டார். பிறகு அவர்தான் அமெரிக்காவிலேயே பெரிய நட்சத்திரம். மிக் போலி, ரே மிஸ்டீரியோ, கிரிஸ் ஜெரிகோ எல்லாரும் இந்தக் கொட்டகையில் ஆடிவிட்டுப் போனவர்கள்தான்.

இரண்டு கட்சி

கம்பெனி வளரவேண்டும் என்றால் பணம் கட்டிப் பார்க்கும் டி.வி. ஒளிபரப்பில் இடம் வேண்டும். அப்போது குஸ்திக் கம்பெனிகளுக்கு அதுதான் காசு காய்க்கும் மரம். அதற்கு ஒளிபரப்பு நிறுவனங்கள் சம்மதிக்கவேண்டும்.

இங்கேதான் ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள்.

ஒரு கட்சி சொல்லிற்று: "ஊர் முழுக்கப் பார்க்கிற டி.வி.க்குப் போனால் கத்தரி விழும். ரத்தத்தைக் குறை என்பான். பேச்சைக் குறை என்பான். காப்புரிமை வாங்காமல் போடுகிற பாட்டுகளை நிறுத்து என்பான். பிறகு இது எங்கள் கொட்டகையா? மெக்மேனுக்கு இன்னொரு கிளை ஆபீசு."

மறு கட்சி கேட்டது: "ஆயிரம் பேர் டிக்கெட்டில் எத்தனை நாள் வண்டி ஓடும்? நல்ல ஆட்டக்காரன் எல்லாம் போய்க்கொண்டே இருக்கிறான். பெரிய கம்பெனிகள் நம் கொட்டகையைப் பார்த்து மேஜை உடைக்கக் கற்றுக்கொண்டு லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கின்றன. கண்டுபிடித்தவன் சம்பாதிக்கக் கூடாதா?"

மாட்டுங்கா பக்கம் ஒரு மெஸ் இருந்தது. பத்துப் பேர் உட்காரலாம். முதலாளியே பரிமாறுவார். மெயின் ரோட்டில் பெரிய ஓட்டலாக மாறியபோது பழைய வாடிக்கைக்காரர்கள் நாங்கள் சாம்பாரைக் குறை சொன்னோம். பரிமாறுகிற பையனுக்கு அந்த மாதந்தான் முதல் தடவையாக ஒழுங்காகச் சம்பளம் வந்தது என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பிலடெல்பியா கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் முகந்தான் நினைவுக்கு வருகிறது.

இந்த வாக்குவாதத்துக்கு நடுவே இரண்டு விபரீதங்கள் நடந்தன. 1996 அக்டோபரில் சாண்ட்மேனைச் சிலுவையில் கட்டி நிறுத்துவது போல ஒரு காட்சி. அந்த ஆண்டு ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கப் பதக்கம் வாங்கிய கர்ட் ஆங்கிள் விருந்தாளியாக வந்திருந்தார். கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். எதற்கும் மன்னிப்புக் கேட்காத கம்பெனி அன்று மேடையிலேயே மன்னிப்புக் கேட்டது.

அடுத்த மாதம் மாசசூசெட்சில் நடந்தது அதைவிட மோசம். வராத பயில்வானுக்குப் பதிலாக 17 வயதுப் பையன் ஒருவன், வயதைக் கூட்டிச் சொல்லி மேடை ஏறினான். நெற்றியில் ஆழமாகக் கீறப்பட்டு ரத்தம் கொட்டியது. செய்தி பரவியதும் ஒளிபரப்பு நிறுவனம் கையை விரித்தது. ஹேமன் அலைந்து பேசினார். ரசிகர்களும் விடாமல் கேட்டார்கள். கடைசியில் வழி பிறந்தது. "கட்டுப்பாடே வேண்டாம்" என்ற கட்சிக்கு அந்தப் பையனின் கதையில் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1997 ஏப்ரல் 13. அதே தம்போலாக் கொட்டகையிலிருந்து முதல் ஒளிபரப்பு. 52 வயது டெரி பங்க் உலகப் பட்டம் வென்றார். ரத்தம் வழியும் முகத்தோடு ரசிகர்கள் நடுவே நின்றார். ஒளிபரப்பு முடிந்த சற்று நேரத்தில் கொட்டகையில் மின்சாரம் போயிற்று என்று சொல்வார்கள். சில நிமிடம் முன்னால் போயிருந்தால் கம்பெனியின் கதை அன்றே முடிந்திருக்கும்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரியில், ஈ.சி.டபிள்யூ. பயில்வான்கள் மெக்மேனின் டி.வி. நிகழ்ச்சியில் தோன்றினார்கள். எதிரி வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுகிறார்கள் என்று ரசிகர்கள் பூரித்தார்கள். மெக்மேன் ஹேமனுக்குப் பண உதவி செய்துவந்தார் என்பது பின்னால் வெளிவந்தது. சுதந்திரக் கொட்டகையின் எண்ணெய்ச் செலவில் எதிரி வீட்டுப் பணமும்! "விலை போகக்கூடாது" என்று கத்தியவர்களுக்கு இது அப்போது தெரியாமல் போனதும் நல்லதுதான்.

டி.வி. வந்தது, சம்பளம் வரவில்லை

1999 ஆகஸ்ட் 27. பட்டத்தை வீசி எறிந்த அதே தேதி, ஐந்து ஆண்டு கழித்து. டி.என்.என். என்ற தேசிய டி.வி.யில் வெள்ளிக்கிழமை இரவு ஈ.சி.டபிள்யூ. வந்தது.

கல்யாணம் நடந்த நாள் முதல் சண்டை. தயாரிப்புக்கும் விளம்பரத்துக்கும் டி.வி. கம்பெனி பணம் இறக்கவில்லை என்று ஹேமன் குமுறினார். குமுறலையே கதையாக்கினார். "டி.வி. கம்பெனியின் பிரதிநிதி" என்று ஒரு வில்லனை மேடையில் ஏற்றி, அவனை ரசிகர்கள் திட்டும்படி செய்தார். முதலாளியின் செலவிலேயே முதலாளியைத் திட்டும் கூத்து எனக்குப் பிடித்திருந்தது. டி.வி.க்காரர்களுக்குப் பிடித்திருக்காது.

2000 செப்டம்பரில் அதே டி.வி.க்கு மெக்மேனின் பெரிய நிகழ்ச்சி வந்து சேர்ந்தது. அக்டோபரில் ஈ.சி.டபிள்யூ. வெளியேற்றப்பட்டது.

அதற்கு முன்பே பயில்வான்களின் செக்குகள் பாங்கியிலிருந்து திரும்பத் தொடங்கிவிட்டன. மாதக் கடைசியில் ஊருக்கு மணியார்டர் அனுப்பிப் பழகியவர்களுக்கு அந்த வலியை நான் விளக்கவேண்டியதில்லை. கொட்டகையில் கைதட்டல், கையில் திரும்பி வந்த செக்.

2000 ஏப்ரலில் மைக் ஆசம் என்ற பயில்வான் ஈ.சி.டபிள்யூ. பட்டக்காரராக இருக்கும்போதே டபிள்யூ.சி.டபிள்யூ. டி.வி.யில் போய் நின்றார். சம்பள பாக்கிதான் காரணம் என்று சொன்னார். வக்கீல்கள் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஏப்ரல் 13-ல் இண்டியானாபொலிசில் அவர் பட்டத்தைத் தோற்கவேண்டும். யாரிடம்? ஈ.சி.டபிள்யூ.வை விட்டு மெக்மேனிடம் போயிருந்த டாஸ் என்பவரிடம்! டபிள்யூ.சி.டபிள்யூ. ஆள் ஒருவர், டபிள்யூ.டபிள்யூ.எப். ஆள் ஒருவர், ஈ.சி.டபிள்யூ. மேடையில் ஈ.சி.டபிள்யூ. பட்டத்துக்கு மோதினார்கள். அமெரிக்கக் குஸ்தியில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று நடந்ததில்லை.

ஆசமைப் பார்த்துக் கூட்டம் கத்தியது, வழக்கம்போல, "விலை போய்விட்டாய்!"

ரசிகர்களின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து கத்தியவரும் தம்முடைய ஆபீசில் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே டிக்கெட் எடுத்திருப்பார்?

2001 ஜனவரி 13-ல் ஆர்கன்சாஸ் மாநிலம் பைன் பிளப் ஊரில் கடைசி ஆட்டம் நடந்தது. பிலடெல்பியாவில்கூட இல்லை. மார்ச்சில் ஹேமன் மெக்மேன் டி.வி.யில் வர்ணனையாளராக உட்கார்ந்தார். அதே மாதம் டபிள்யூ.சி.டபிள்யூ.வையும் மெக்மேன் வாங்கினார். ஏப்ரலில் ஈ.சி.டபிள்யூ. திவால் மனு போட்டது.

கடன் சுமார் 90 லட்சம் டாலர். பாக்கிப் பட்டியலில் ராப் வான் டாம், டாமி டிரீமர் போன்றவர்களுக்கு ஒரு லட்சம் டாலரும் அதற்கு மேலும் காட்டியிருந்தார்கள். முண்டாசு கட்டி, முள்கம்பியில் கை கிழிந்து ஆடிய நம்ம "பம்பாய்" சாபு பெயருக்கு எதிரே காட்டியிருந்த தொகை 1 டாலர்.

வளர்ந்ததால் செத்ததா, வளர வழியில்லாமல் செத்ததா? இரண்டு கட்சியும் இதே கணக்கைக் காட்டித்தான் வாதாடுகின்றன. டி.வி. ஆசையில் கடன் ஏறியது என்பார் ஒருவர். பெரிய கம்பெனிகள் ஆட்டக்காரர்களையும் ஆட்டத்தையும் அள்ளிக்கொண்ட பிறகு சின்னதாக இருந்தாலும் பிழைத்திருக்காது என்பார் இன்னொருவர். எனக்குப் பெரிதானது குற்றமாகத் தெரியவில்லை. கணக்கு எழுதத் தெரியாதவர் பெரிதாக்கியது குற்றம். ஹேமன் கதை கட்டுவதில் மகா கெட்டிக்காரர். பேரேடு வேறு சங்கதி.

திருப்பி வீசிய பனியன்

கம்பெனியின் பெயரையும் பழைய படச்சுருள்களையும் 2003-ல் மெக்மேனே வாங்கிக்கொண்டார். அவற்றை வைத்து எடுத்த விவரணப் படம் சக்கைப்போடு போட்டது. உடனே 2005 ஜூனில் நியூயார்க் ஹேமர்ஸ்டீன் மண்டபத்தில் பழைய ஆட்களைக் கூட்டி ஒரு இரவு ஆட்டம் நடத்தினார். கெரேரோ வந்தார், சாண்ட்மேன் தன் பழைய பாட்டோடு வந்தார். இந்தத் தடவை பாட்டுக்குக் காப்புரிமைப் பணம் கட்டியிருந்தார்கள்.

மறு ஆண்டு ஜூன் 11. அதே மண்டபம். மெக்மேனின் முதல் நட்சத்திரம் ஜான் சீனாவும் ராப் வான் டாமும் மோதினார்கள். "சீனா ஜெயித்தால் கலகம் செய்வோம்" என்று ஒரு ரசிகர் அட்டை எழுதிப் பிடித்தார். சீனா வழக்கம்போலத் தன் பனியனைக் கழற்றிக் கூட்டத்துக்குள் எறிந்தார். கூட்டம் திருப்பி எறிந்தது. மறுபடி எறிந்தார். மறுபடி வந்தது. மற்ற ஊர்களில் அந்தப் பனியனுக்கு அடிபிடி நடக்கும்.

வான் டாம் ஜெயித்தார். மேடையில் குதித்து வந்து ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியவர் ஹேமன்.

இரண்டு நாளில் ஈ.சி.டபிள்யூ. என்ற பெயரிலேயே மெக்மேன் ஒரு வாராந்திர டி.வி. நிகழ்ச்சி தொடங்கினார். விஞ்ஞானக் கற்பனைப் படங்கள் போடுகிற டி.வி. அது. அதனால் முதல் நாளே பிண வேடம் போட்ட ஒருவர் மேடைக்கு வந்தார். சாண்ட்மேன் அவரைப் பிரம்பால் வெளுத்து அனுப்பினார். டிசம்பரில் ஹேமன் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார். 2010 பிப்ரவரியில் நிகழ்ச்சி நின்றது. பழைய ரசிகர்கள் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

2019-ல் ஏ.ஈ.டபிள்யூ. என்ற புதுக் கம்பெனி வந்தது. மெக்மேனுக்கு மாற்று வேண்டும் என்று ரசிகர்கள் காத்திருந்த கம்பெனி. 2023 ஆகஸ்ட் 27-ல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஆட்டம் நடத்தி, 80 ஆயிரம் டிக்கெட்டுக்கு மேல் விற்றதாக அறிவித்தார்கள். (ஆகஸ்ட் 27-க்கும் குஸ்திக்கும் என்ன பொருத்தமோ!) அந்தக் கம்பெனிக்குக் கோடீசுவரர் வீட்டுப் பணம் பின்னால் இருக்கிறது. செக் திரும்புவதாகப் பேச்சில்லை. ஆனால் "முதலில் இருந்த ருசி இப்போது இல்லை" என்று சொல்லும் ரசிகர்கள் அதற்குள் வந்துவிட்டார்கள்.

டெரி பங்க் 2023-ல் காலமானார். சாபு 2025 ஏப்ரலில், 60 வயதில், லாஸ் வேகாசில் முள்கம்பி கட்டிய மேடையில் கடைசியாக ஒருமுறை ஆடினார். மே மாதம் இறந்தார்.

ஸ்வான்சன் தெருக் கட்டிடம் இருக்கிறது. இப்போது அதற்கு "2300 அரீனா" என்று பெயர். வேறு வேறு கம்பெனிகள் வந்து குஸ்தி நடத்துகின்றன. அங்கே மட்டும் அல்ல, அமெரிக்காவில் எந்த மண்டபத்தில் ஒரு மேஜை உடைந்தாலும், எந்தக் கம்பெனி ஆட்டமானாலும், கூட்டத்தின் ஒரு மூலையிலிருந்து சத்தம் கிளம்பும்: "ஈ-சி-டபிள்யூ! ஈ-சி-டபிள்யூ!"